பதினோரு வருடப் பிலாத்து

பொறாமையினால் ரோமாபுரிச் சரித்திரம் படித்தவன் இந்த வட்டாரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மற்றவர்கள் பரீட்சைக்காகப் படிப்பார்கள். நான் என் மைத்துனன் தலையிலிருந்து ஒரு மகுடத்தைக் கழற்றுவதற்காகப் படித்தேன்.

எங்கள் ஊர் அருப்புக்கோட்டையிலிருந்து பந்தல்குடி போகிற சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. ஒவ்வொரு பெரிய வெள்ளியன்றும் காலையில் கோயில் மைதானத்தில் பாஸ்கா நாடகம் போடுவோம். இயேசுவைப் பிடித்து, விசாரித்து, சிலுவையில் அறைகிற வரைக்கும் உள்ள கதை. அதில் ரோமாபுரி ஆளுநர் பிலாத்துவின் வேஷம் பதினோரு வருடமாக என்னுடையது. இயேசுவாக நடிப்பவருக்குத் தாடி வேண்டும், தவக்காலம் முழுக்க ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருக்க வேண்டும், பீடி சிகரெட் கூடாது. பிலாத்துவுக்கு இந்தத் தொந்தரவெல்லாம் கிடையாது. குரல் இருந்தால் போதும். எனக்குக் குரல் இருந்தது.

நான் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் எத்தனை முறை தள்ளிப்போனது என்றும் சொல்லப்போவதில்லை. அங்கே நான் குரல் உயர்த்தியதே இல்லை. ஆனால் வருடத்தில் ஒரு நாள், அரை மணி நேரம், நான் உட்கார்ந்திருக்க மற்றவர்கள் நிற்பார்கள். மதுரையில் நாடக சாமான் கடையில் நானே தேடி வாங்கிய மகுடம் தலையில் இருக்கும். இரண்டு பேர் இரு பக்கமும் நின்று மயிலிறகு விசிறி வீசுவார்கள். நான் கையை ஓங்கி "யார் அங்கே!" என்றால் கடைசி வரிசைக் குழந்தை அழும். அந்த அழுகைச் சத்தத்தை எதிர்பார்த்தே மற்ற நாட்களை ஓட்டிக்கொண்டிருந்தேன் என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

இதில் ஒரே ஒரு சங்கடம் உண்டு. நாடகம் முடிந்து, பிற்பகல் வழிபாட்டில் எல்லோரும் வரிசையில் போய்ச் சிலுவையை முத்தி செய்வார்கள், அதாவது முத்தமிடுவார்கள். பிலாத்து வேஷம் போட்டவர் அந்த வரிசையில் கடைசி ஆளாகத்தான் நிற்க வேண்டும் என்பது எங்கள் ஊர்ப் பழக்கம். தீர்ப்புச் சொன்ன வாய் அல்லவா? இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் வேஷக்காரருக்குக்கூட அவருக்கு முன்னால் இடம் உண்டு. யூதாஸ் செய்ததை நினைத்து அழுதான், பிலாத்து அழவில்லை என்று காரணம் சொல்வார்கள். பதினோரு வருடமும் ஊர் முழுவதும் முத்தி செய்து முடிகிற வரை கால் கடுக்க நின்று, மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டே கடைசியாகப் போயிருக்கிறேன்.

இந்த வருடம் தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, புதிதாக வந்திருந்த பங்குச் சாமியார் நாடகக்காரர்களைக் கூப்பிட்டார். சின்ன வயதுக்காரர். எல்லோருக்கும் டீ கொடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

"சார், இந்த வருஷம் கொஞ்சம் மாத்திப் பாப்போமே. பிலாத்துவுக்கு ஒங்க மச்சினரு. நீங்க நூற்றுவர் தலைவர். அது சின்ன வேஷம்னாலும் முக்கியமான வேஷம்."

நூற்றுவர் தலைவன் என்றால் நூறு படைவீரருக்கு மேலாள். நாடகம் முழுக்க ஈட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். கடைசியில், இயேசு உயிர்விட்ட பிறகு, 'இவர் உண்மையாகவே இறைமகன்' என்று ஒரு வரி சொல்வான். ஒரே ஒரு வரி.

என் மைத்துனன் கரி வியாபாரி. சீமைக்கருவேலத்தை வெட்டி, மூட்டம் போட்டு, கரியாக்கி லோடு ஏற்றி அனுப்புவான். எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் கறுப்பு போகாது. அதற்கு முந்தைய வருடம் வரை நாடகத்துக்கு மைக்செட் வயர் இழுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவன். அவன் பிலாத்து!

வீட்டுக்கு வந்தால் என் மனைவி போனைக் கீழே வைக்கவில்லை. அவள் அம்மாவுக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று, மறுபடி அம்மாவுக்கு ஒன்று. "எந்தம்பிக்கு வேசம் குடுத்திருக்காக! ஆமா, பெரிய வேசந்தான்!" பதினோரு வருடத்தில் என் வேஷத்துக்காக அவள் ஒரு போன்கூடப் போட்டதில்லை. எனக்கு வயிறு எரிந்தது. அதை வேறு நாகரிகமான வார்த்தையில் சொல்லத் தெரியவில்லை.

"ஒங்க கிரீடத்த அவனுக்குக் குடுத்துருங்க" என்றாள் சாப்பாடு போடும்போது. "சும்மா பரண்லதான கெடக்கு."

அன்று சோறு இறங்கவில்லை. வேஷத்தைக்கூடக் கொடுத்துவிடலாம், மகுடத்தை எப்படிக் கொடுப்பது? அது என் தலை அளவு.

மறுநாள் அருப்புக்கோட்டை நூலகத்துக்குப் போனேன். பிலாத்து சம்பந்தமாக ஏதாவது குறை கண்டுபிடித்து ஒத்திகையில் அவனை மடக்க வேண்டும், அவ்வளவுதான் என் திட்டம். ரோமாபுரி வரலாறு என்று தடியாக ஒரு புத்தகம் கிடைத்தது. பஸ்ஸில் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் மடியில் வைத்துக்கொண்டு படித்தேன்.

முதலில் ராஜாக்கள் இருந்தார்களாம், பிறகு விரட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு நாட்டை நடத்த வருடத்துக்கு இரண்டு பேர், இருவருக்கும் ஒரே அதிகாரம், ஒருவர் வேண்டாம் என்றால் மற்றவர் செய்ய முடியாது. அடுத்தவன் பெரிய ஆளாகிவிடக் கூடாது என்ற எரிச்சலைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் அவர்கள்மேல் எனக்கு ஒரு பாசமே வந்துவிட்டது. எங்கள் பங்கிலும் இரண்டு பிலாத்து வைத்தால் என்ன என்று காரியாபட்டிக்காரர் ஒருவர் தோளில் சாய்ந்து தூங்குகிற பஸ்ஸில் தீவிரமாக யோசித்தேன்.

பிறகு எந்த ஊரைப் பிடித்தாலும் முதலில் சாலை போட்டார்கள். சாலை வழியே படை போனது, படையின் பின்னால் வரி வசூலிப்பவர்கள் போனார்கள். ஜெயித்த ஊர்க்காரர்களில் வேண்டியவர்களுக்குக் குடியுரிமை கொடுத்தார்கள். அது இருந்தால் சிலுவையில் அறையமாட்டார்கள். இல்லாதவனுக்கும் அடிமைக்கும்தான் சிலுவை. அங்கியில் அகலமான ஊதாக் கரை என்றால் செனட் சபைக்காரர், ஒடுக்கமான கரை என்றால் அடுத்த தட்டு, கரையே இல்லாதவன் பொதுஜனம். எங்கள் ஆபீஸில் பூத்துண்டு போட்ட நாற்காலி, துண்டு இல்லாத நாற்காலி, வெளியே வராந்தாவில் பெஞ்சு. எனக்கு அந்தப் பக்கம் சுலபமாகப் புரிந்தது.

அப்புறம்தான் நான் தேடியது கிடைத்தது. பிலாத்து ராஜாவே இல்லை. ஒடுக்கமான கரைக்காரன். அந்த வறண்ட மாகாணத்துக்குப் போஸ்டிங் போட்டு அனுப்பப்பட்ட அதிகாரி. மேலே சிரியாவில் அவனைவிடப் பெரிய அதிகாரி, அதற்கும் மேலே பேரரசர் சீசர். யாராவது ஒரு மனு எழுதி மேலே அனுப்பிவிட்டால் பதவி போய்விடும். அந்தப் பயத்திலேயே இருந்தவன். கடைசியில் அப்படி ஒரு புகாரில்தான் பதவியும் போனது. மகுடம் கிடையாது. மயிலிறகு கிடையாது. எங்கள் ஊர் பிலாத்துகள் எல்லாம் இத்தனை காலமும் தப்பாக மகுடம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

சந்தோஷத்தில் நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டேன்.

ஞாயிறு மாலை ஒத்திகை. என் மனைவி பரணிலிருந்து எடுத்துக் கொடுத்திருந்த என் மகுடத்தை என் மைத்துனன் தலையில் வைத்தான். காது வரைக்கும் இறங்கியது. அதை நிமிர்த்திக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தபோது நான் ஈட்டியோடு முன்னால் போய், புத்தகத்தைப் பிரித்துக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். குரலில் மட்டும் மிகுந்த வருத்தம் வைத்துக்கொண்டேன்.

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு சாமி. பதினோரு வருசம் நானே தப்புப் பண்ணியிருக்கேன். ஆனா சரித்திரம் சரித்திரந்தான? மகுடம், விசிறி, சிங்காசனம் எல்லாத்தையும் எடுத்துருவோம்."

சாமியார் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அருமை சார்! நீங்கதான் இப்படி யோசிப்பீங்க" என்றார். மகுடத்தை நானே கழற்றி, என் துண்டில் சுற்றி, பையில் போட்டுக்கொண்டேன். மகுடம் இல்லாத பிலாத்துவை யார் பார்க்கப்போகிறார்கள்? ஒரு நாற்காலி, அதில் ஒரு கரி வியாபாரி. ஜனங்கள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள் என்று கணக்குப் போட்டேன்.

அவன் கோபப்படவில்லை. அதுவும் எனக்கு எரிச்சல்தான். தலையைச் சொறிந்துகொண்டு என்னிடமே வந்து கேட்டான்.

"அப்ப ஆபீசருன்னா எப்படி அத்தான் இருப்பாக? ராசான்னா தெரியும், கத்துவாக. ஆபீசரு?"

"எப்படி இருப்பாக? எல்லாம் எங்க ஆபீஸ் மாதிரிதான் மாப்ள. மேசை, பேப்பரு, பேனா. ஒண்ணும் கத்த வேண்டியதில்ல" என்றேன். அவனுக்கு நடிக்க ஒன்றும் மிச்சமில்லை என்ற திருப்தியில் எனக்குச் சிரிப்புகூட வந்தது. அவன் சிரிக்காமல் தலையாட்டிக்கொண்டான்.

பெரிய வெள்ளியன்று பத்து மணிக்கே வெயில் தலையைப் பிளந்தது. தகரப் பந்தலுக்கு அடியில் ஊர் முழுவதும், பக்கத்து ஊர்களில் பாதியும் உட்கார்ந்திருந்தது. முள்முடிக்குச் சீமைக்கருவேலம் முள்ளைக் கொண்டுவந்து, முனைகளை நகவெட்டியால் ஒவ்வொன்றாக நறுக்கிக் கொடுத்தவனும் என் மைத்துனன்தான். நான் பித்தளை நிறத்தில் பெயின்ட் அடித்த மார்புக் கவசத்துக்குள் வெந்துகொண்டு, கைதியான இயேசுவின் பக்கத்தில் ஈட்டியோடு நின்றேன்.

மேடைக்கு ஒரு சாதாரண மரமேசையைக் கொண்டுவந்து போட்டார்கள். பின்னால் அவன் வந்தான். வெள்ளை அங்கி, ஒடுக்கமான ஊதாக் கரை. அதைத் தைத்துக் கொடுத்தவள் என் மனைவி. அவன் ஜனங்களைப் பார்க்கவில்லை. நாற்காலியைத் தன் பக்கம் சற்று இழுத்து, உட்கார்ந்து, மேசைமேல் இருந்த சுருள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, விளிம்பைத் தட்டிச் சரிசெய்தான். இயேசுவைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவன் நிமிரவில்லை. சுருளைப் படித்துக்கொண்டே கையை மட்டும் உயர்த்தி, இருங்கள் என்றான்.

பந்தலில் எங்கோ ஒருவர் சிரித்தார். பிறகு இன்னும் இரண்டு பேர். நான் மகிழ்ந்தேன். அவனைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன்.

குற்றம் சாட்டுபவர்கள் கத்தினார்கள். அவன் கேட்டான். சன்னமான, அலுத்துப்போன, மரியாதையான குரல். முகத்தைப் பார்க்காமல், முகத்துக்குப் பக்கத்தில் இருந்த காற்றைப் பார்த்துப் பேசினான். இந்த ஆள்மேல் குற்றம் ஒன்றும் தெரியவில்லை என்றான். அவர்கள் சீசருக்கு எழுதிப் போடுவோம் என்று மிரட்டினார்கள். அவன் பேனாவை மூடி வைத்தான். இறகுப் பேனாவுக்கு மூடி கிடையாது; ஆனாலும் மூடினான். பிறகு இயேசுவிடம், நாடகத் தாளில் இல்லாத ஒரு வசனத்தைச் சொன்னான்.

"என் கையில என்ன இருக்கு?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

செம்பில் தண்ணீர் வந்தது. இந்தப் பழி என்மேல் இல்லை என்று காட்ட அவன் கைகளைக் கழுவினான். இடுப்பிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து, சுண்டு விரலில் ஆரம்பித்து ஒவ்வொரு விரலாக, நகம் வரைக்கும் நிதானமாகத் துடைத்தான். நகக்கண் கரி வெள்ளைத் துணியில் கோடு கோடாக இறங்கியது. முன்வரிசைப் பெண்கள் பார்த்து "ஏயப்பா" என்றார்கள். அவன் அதை நான்காக மடித்து, கறை உள்ளே போகும்படி வைத்துக்கொண்டான். பதினோரு வருடம் நானும் அந்த மேடையில் கை கழுவியிருக்கிறேன். என் கை எப்போதும் சுத்தமாகவே இருந்தது. அதனால்தானோ என்னவோ, அதை யாரும் உற்றுப் பார்த்ததில்லை.

அந்தக் கைக்குட்டை மடிப்பில்தான் எனக்கு உறைத்தது. சுண்டு விரலில் ஆரம்பிப்பவன் நான். ஆபீஸில் ரப்பர் ஸ்டாம்பு மை படுவதால் பாட்டில் தண்ணீரில் கைக்குட்டையை நனைத்துத் துடைத்துப் பழகியவன் நான். மை படாத நாளிலும், மனுக்காரர் எழுந்து போக வேண்டும் என்று தோன்றினால் துடைப்பேன். நான்காக மடிப்பேன்.

தை மாதத்தில் ஒரு நாள் எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டுக்கார அம்மா ஆபீஸுக்கு வந்திருந்தார். கணவர் இல்லை. மானாவாரி நிலத்தில் மல்லியும் சோளமும் போடுகிறவர். நிலத்துக்குப் போகிற வண்டிப்பாதையை ஒருவர் முள்வேலி போட்டு அடைத்துவிட்டார். துணைக்கு வந்தவன் என் மைத்துனன். தெருவில் என்னைத் "தம்பி" என்று கூப்பிடுகிற அந்த அம்மா அன்று "சார்" என்றார். வரைபடத்தில் பாதை இருப்பது எனக்குத் தெரியும். என் அலமாரியில்தான் அது இருந்தது. அடைத்தவர் மேலிடத்துக்கு வேண்டியவர் என்பதும் தெரியும். நான் அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், "என் கையில என்ன இருக்கு? மேல சொல்லணும்" என்றேன். விரல்களைத் துடைத்தேன். என் மைத்துனன் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

பந்தலில் அந்த அம்மாவைத் தேடினேன். பெண்கள் பக்கம், கம்பத்தை ஒட்டி உட்கார்ந்திருந்தார். அவர் பிலாத்துவைப் பார்க்கவில்லை. ஈட்டியோடு நின்ற என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தாள். சிரிப்பா அழுகையா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

அவமானமாக இருந்ததா என்றால் இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அதைவிடப் பொறாமைதான் அதிகமாக இருந்தது. தினமும் பிலாத்துவின் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவன் நான். மேடைக்கு வந்து ராஜாவாகக் கத்தினேன். ஒரே ஒரு நாள் எங்கள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தவன் அத்தனையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். என் வேஷத்தைப் பறித்தது போதாதென்று என்னையும் என்னைவிட நன்றாக நடித்துவிட்டான்.

சிலுவையில் அறைந்தோம். அடியில் நின்று என் ஒரு வரியைச் சொல்ல வேண்டிய நேரம் வந்தது. சொன்னேன். கடைசி வரிசைவரைக்கும் கேட்டிருக்காது.

அந்த வாரம்தான் புத்தகத்தின் கடைசிப் பகுதியை முடித்திருந்தேன். பிலாத்து தீர்ப்பெழுதி, கையைத் துடைத்து, ஃபைலை மூடிவிட்டதாகத்தான் நினைத்திருப்பான். அடிமைகளும் விதவைகளும் கூலிக்காரர்களும் யாரோ ஒருவர் வீட்டில் கூடி இயேசுவின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிடித்தார்கள், கொன்றார்கள், விலங்குகளுக்குப் போட்டார்கள். படைக்காக ரோமர்கள் போட்ட அதே சாலைகளில் அந்தப் பேச்சு ஊர் ஊராக நடந்து போனது. முந்நூறு வருடம் கழித்து ஒரு பேரரசனே அதன் பக்கம் வந்துவிட்டான். இன்றைக்கு எங்கள் ஊர்க் கோயிலில், ஒவ்வொரு ஞாயிறும் சொல்கிற விசுவாச அறிக்கைச் செபத்தில், பிலாத்துவின் பெயரையும் சேர்த்தே சொல்கிறோம். சீசரின் பெயர் அதில் இல்லை. மாட்டிக்கொண்டவன் மேசைக்குப் பின்னால் இருந்தவன்தான்.

அந்த அம்மாவின் மனு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். விடுமுறை முடிந்த அன்றே தேடி எடுத்து, வரைபட நகலை இணைத்து, பாதை இருக்கிறது என்று என் கையெழுத்தில் குறிப்பெழுதி மேலே அனுப்பினேன். இன்னும் திரும்பி வரவில்லை. வேலியும் இன்னும் அப்படியே இருக்கிறது.

அன்று பிற்பகல் வழிபாட்டில் சிலுவை முத்திக்கு வரிசை நின்றபோது, வேஷத்தைக் கலைத்துவிட்டு என் மைத்துனன் பழக்கப்படி கடைசி ஆளாகப் போய் நின்றான். வழியெல்லாம் அவன் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். நூற்றுவர் தலைவன் முன்வரிசையில் போகலாம். பதினோரு வருடம் கழித்துக் கால் கடுக்காமல் முத்தி செய்யலாம். நான் நடந்து நடந்து, வரிசையின் வாலுக்குப் போய், அவனுக்குப் பின்னால் நின்றேன்.

அவன் திரும்பிப் பார்த்தான். பயந்த முகம்.

"அத்தான், கோவமா? நீங்கதான எங்க ஆபீஸ் மாதிரின்னு சொன்னீக. எனக்கு வேற ஆபீசரு யாரத் தெரியும்? நான் பாத்த ஒரே ஆபீசரு நீங்கதான்."

இருபத்தாறு வருட வேலையில் என்னை ஆபீசர் என்று சொன்ன முதல் ஆள்.

"முன்னால போங்க அத்தான். இது பிலாத்து நிக்கிற எடம்" என்றான்.

"தெரியும் மாப்ள" என்றேன். "நீ ஒரு ஆளு முன்னால தள்ளி நில்லு."